மின்னோட்டத்தில் தெரிந்த மூலக்கூறு

அயனிக் கால்வாய்கள் செல் சவ்வைக் குறுக்காக ஊடுருவி நிற்கும் புரதங்கள். சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு அயனிகள் இவற்றின் துளைகள் வழியாகவே சவ்வை விரைந்து கடக்கின்றன. இதயம் துடிப்பது, தசை சுருங்குவது, நாக்கில் மிளகாய் உறைப்பது, சாப்பிட்டபின் கணையம் இன்சுலின் சுரப்பது ஆகிய எல்லாவற்றிலும் இவை திறந்து மூடுகின்றன. துளையின் மிகக் குறுகிய இடம் ஒரு நானோமீட்டர்கூட இராது. ஆயினும் இவை எப்போது திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும், எந்த அயனியை விடும், எதை மறிக்கும் என்பதெல்லாம், இவற்றின் உருவத்தை எவரும் காண்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தெரிந்துவிட்டன. அயனி நகர்ந்தால் அது மின்னோட்டம். மின்னோட்டத்தை அளக்க முடியும். உயிருள்ள செல்லின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து அதன் இயக்கத்தை அறிகிற துறை மின்னுடலியங்கியல்.

சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். நீரில் இருக்கும் அயனி, நீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இறுகப் பிடித்து வைத்திருக்கும். அவற்றை விட்டுவிட்டுக் கொழுப்புக்குள் நுழைய மிகுந்த ஆற்றல் வேண்டும். எனவே கால்வாய் இல்லாத வெறும் சவ்வை அயனிகள் கடப்பதில்லை என்றே சொல்லிவிடலாம். சவ்வின் இருபுறமும் உள்ள கரைசல்களும் ஒன்றுபோல இல்லை. பாலூட்டியின் செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், வெளியே 5. சோடியம் நேர்மாறாக உள்ளே 12, வெளியே 145. கால்சியத்தில் இந்த வேறுபாடு இன்னும் கடுமையானது. வெளியே இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே கட்டற்ற நிலையில் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் கட்டிக்காப்பவை அயனிப் பம்புகள். சோடியம்-பொட்டாசியம் பம்பு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து, ஒரு சுற்றுக்கு மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவருகிறது.

பொட்டாசியத்துக்கு மட்டும் வழி திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செறிவு மிகுந்த உட்புறத்திலிருந்து பொட்டாசியம் வெளியேறும். நேர்மின்னூட்டம் போகப் போக உட்புறம் எதிர்மின் தன்மை அடைந்து, வெளியேறும் அயனிகளைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டு விசைகளும் சமமாகும் மின்னழுத்தத்தைக் கணக்கிட உதவுவது வால்தர் நெர்ன்ஸ்டின் சமன்பாடு. மேலே சொன்ன செறிவுகளுக்கு, 37 டிகிரி வெப்பநிலையில், பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம் சுமார் மைனஸ் 89 மில்லிவோல்ட். சோடியத்துக்கு அது பிளஸ் 67 அளவில் வரும். ஓய்விலிருக்கும் நரம்பு, தசை செல்களில் பொட்டாசியக் கால்வாய்களே அதிகம் திறந்திருப்பதால் அவற்றின் மின்னழுத்தம் மைனஸ் 60க்கும் மைனஸ் 90க்கும் இடையில் நிற்கிறது. சோடியக் கால்வாய்கள் திறந்தால் அது மேல்நோக்கிப் பாயும். எந்தக் கால்வாய் திறந்திருக்கிறதோ அதன் அயனிக்குரிய மின்னழுத்தத்தை நோக்கிச் சவ்வு செல்லும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் நரம்பியலின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

மின்னழுத்தம் இப்படி மாற நகர வேண்டிய அயனிகள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டைச் செல் ஒன்றின் மின்னழுத்தத்தை 100 மில்லிவோல்ட் மாற்றச் சுமார் 78 லட்சம் அயனிகள் போதும். அதே செல்லுக்குள் இருக்கும் பொட்டாசிய அயனிகளோ 35,000 கோடி. அதாவது 45,000இல் ஒன்று நகர்ந்தாலே மின்னழுத்தம் தலைகீழாகிவிடுகிறது. செறிவு அசைவதே இல்லை. வேதியியல் பகுப்பாய்வு இதைப் பிடிக்காது. மின் அளவீடு பிடிக்கும். செல்லின் இந்த மொழியை அறிய மின்கருவிகளைத்தான் நாட வேண்டியிருந்தது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

மின்சாரம் பட்டதும் துள்ளும் தவளைக்கால்களில் செய்த சோதனைகளைப் போலோஞாவில் லூயிஜி கால்வானி வெளியிட்டது 1791இல். 1902இல் ஜெர்மனியின் யூலியஸ் பெர்ன்ஸ்டைன், ஓய்வில் சவ்வு பொட்டாசியத்தை மட்டும் விடுகிறது, தூண்டலின்போது எல்லா அயனிகளையும் விட்டுவிடுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். அப்படியானால் தூண்டலின் உச்சத்தில் மின்னழுத்தம் பூஜ்யத்தைத்தான் எட்ட வேண்டும். இதைச் சோதிக்க நரம்பிழைக்குள்ளேயே மின்முனையை நுழைத்தாக வேண்டும். பாலூட்டிகளின் நரம்பிழைகள் சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ளவை. அந்தக் காலத்துக் கருவிகளுக்கு அது எட்டாதது.

வழி காட்டியது ஊசிக்கணவாய். ஆபத்தில் நீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாயும் இந்த உயிரினத்தில், உடற்போர்வைத் தசைக்குச் செல்லும் நரம்பிழைகளில் சில அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். இவை நரம்பிழைகளே என்று 1936இல் ஜே. இசட். யங் எடுத்துக்காட்டினார். 1939இல் இங்கிலாந்தின் பிளிமத் கடலுயிர் ஆய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் மெல்லிய மின்முனை ஒன்றை இந்த இழைக்குள் நீளவாக்கில் செலுத்தினார்கள். தூண்டலின்போது உட்புற மின்னழுத்தம் பூஜ்யத்தில் நிற்கவில்லை. அதைத் தாண்டி நேர்மின் பக்கத்துக்கு ஏறியது. பெர்ன்ஸ்டைனின் விளக்கம் போதாது என்பது தெளிவாயிற்று. அதற்குள் போர் தொடங்கிவிட, ஆய்வு நின்றுபோனது. 1949இல் ஹாட்ஜ்கினும் பெர்னார்ட் காட்ஸும் வெளிக்கரைசலில் சோடியத்தைக் குறைத்துப் பார்த்தபோது அந்த உச்சமும் தாழ்ந்தது. உள்ளே பாய்வது சோடியமே.

ஆனால் எவ்வளவு பாய்கிறது, எந்த வேகத்தில் பாய்கிறது என்பதை அளப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. மின்னழுத்தம் மாறினால் சவ்வின் கடத்துதிறன் மாறும். கடத்துதிறன் மாறினால் மின்னோட்டம் பாயும். அந்த மின்னோட்டம் மீண்டும் மின்னழுத்தத்தை மாற்றிவிடும். காரணமும் விளைவும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும்போது எதையும் தனித்து அளக்க இயலாது. அமெரிக்காவில் கென்னத் கோல், ஜார்ஜ் மார்மான்ட் ஆகியோர் 1947இல் உருவாக்கிய வோல்ட்டேஜ் கிளாம்ப் முறை இந்தச் சுழலை அறுத்தது. இழைக்குள் இருக்கும் ஒரு மின்முனை மின்னழுத்தத்தை அளக்கும். ஆய்வாளர் விரும்பும் அளவிலிருந்து அது விலக முற்பட்ட உடனேயே, பின்னூட்டப் பெருக்கி இன்னொரு மின்முனை வழியாக எதிர் மின்னோட்டம் செலுத்தி அதை அங்கேயே நிறுத்தும். ஓட்டைக் குடத்தில் நீர்மட்டம் இறங்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால், ஊற்றிய நீரின் அளவுதான் ஒழுகிய நீரின் அளவு. அதேபோல, பெருக்கி செலுத்தும் மின்னோட்டமே சவ்வு வழியாகப் பாயும் அயனி மின்னோட்டத்தின் அளவு. மின்னுடலியங்கியலில் இதைவிட அழகான யோசனை வேறொன்று வந்ததில்லை. இன்றைய கருவிகள் பலவும் இதன் வழித்தோன்றல்களே.

இந்த முறையைச் செம்மைப்படுத்தி ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் எடுத்த அளவீடுகள் 1952இல் கட்டுரைத் தொடராக வெளிவந்தன. மின்னழுத்தத்தைத் திடீரென உயர்த்தினால் முதலில் உள்நோக்கி ஒரு மின்னோட்டம் எழுந்து சில மில்லிநொடிகளில் தானாகவே அடங்கும். அதன்பின் வெளிநோக்கி இன்னொன்று மெல்ல எழுந்து நிலைக்கும். வெளிக்கரைசலில் சோடியத்துக்குப் பதிலாகக் கோலைனை வைத்தால் முதலாவது மறைந்துவிடும். ஆக, முன்னது சோடியம், பின்னது பொட்டாசியம். இரண்டின் வேகத்தையும் விவரிக்கும் சமன்பாடுகளை அவர்கள் எழுதினார்கள். பொட்டாசியத்துக்குப் பொருந்திய சமன்பாடு ஒரு மாறியின் நான்காம் அடுக்காக இருந்தது: ஒன்றையொன்று சாராத நான்கு துகள்கள் ஒரே நேரத்தில் சரியான இடத்தில் இருந்தால்தான் வழி திறக்கும் என்பதுபோல. அளவுகளோடு பொருந்துகிறது என்பதற்கு மேல் இதற்குப் பொருள் கற்பிக்க அவர்கள் தயங்கினார்கள். பொட்டாசியக் கால்வாய் நான்கு துணையலகுகள் சேர்ந்தது என்று உறுதியானது 1991இல்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி அப்போது மாற்றியமைப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி கைப்பிடியைச் சுற்றும் பிரன்ஸ்விகா கணக்கிடும் இயந்திரத்தில் சமன்பாடுகளைப் படிப்படியாகத் தீர்த்தார். நரம்பிழையில் தூண்டல் நொடிக்கு 18.8 மீட்டர் வேகத்தில் செல்லும் என்று கணக்கு சொன்னது. அளந்த வேகம் 21.2 மீட்டர். தூண்டலின் வேகத்தை அவர்கள் அளந்து சமன்பாட்டுக்குள் இட்டிருக்கவில்லை. ஓரிடத்தில் பிடித்துநிறுத்திய சவ்வின் மின்னோட்டங்களிலிருந்து மட்டுமே அது வெளிவந்தது. 1963இல் ஜான் எக்கிள்ஸுடன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அயனிகள் துளை வழியாகச் செல்கின்றனவா, அல்லது ஏதோ ஒரு மூலக்கூறு அவற்றைச் சுமந்து அக்கரை சேர்க்கிறதா என்ற கேள்வி அப்போதும் தீரவில்லை. 1955இல் ஹாட்ஜ்கினும் ரிச்சர்ட் கீன்ஸும் கணவாய் நரம்பில் கதிரியக்கப் பொட்டாசியத்தைத் தொடர்ந்து பார்த்து, அயனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில், ஒரே நேரத்தில் இரண்டு மூன்றாக நெருங்கி நகர்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். 1964இல் தோஷியோ நராஹாஷியும் உடன் பணியாற்றியவர்களும் பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடோடாக்சின் சோடிய மின்னோட்டத்தை மட்டும் அணைத்து, பொட்டாசியத்தைத் தொடாமல் விடுகிறது என்று காட்டினர். இரண்டும் வெவ்வேறு மூலக்கூறுகள் என்பதற்கு அது வலுவான சான்று. நஞ்சுகள் அதன்பின் இத்துறையின் நுண்கருவிகளாயின. இந்தியச் செந்தேளின் நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த ஐபீரியோடாக்சின், கால்சியத்தால் தூண்டப்படும் ஒருவகைப் பொட்டாசியக் கால்வாயை அடைப்பதால் ஆய்வகங்களில் இன்றும் பயன்படுகிறது. 1973இல் க்ளே ஆம்ஸ்ட்ராங்கும் பிரான்சிஸ்கோ பெசனில்லாவும் எல்லா அயனி மின்னோட்டங்களையும் அடைத்துவிட்டு, எஞ்சிய மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்றைப் பிடித்தார்கள். கால்வாய் திறக்கும்போது அதன் சொந்த மின்னூட்டங்கள் சவ்வுக்குள் இடம்பெயர்வதால் வருவது அது.

தனியொரு கால்வாயின் மின்னோட்டத்தை அளந்தால் மட்டுமே வாதம் முடியும். செயற்கைக் கொழுப்புச் சவ்வில் கிராமிசிடின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி உண்டாக்கும் துளைகளில் 1970 வாக்கில் இது சாத்தியமானது. உயிருள்ள செல்லில் தடையாக நின்றது இரைச்சல். மின்தடை உள்ள எந்தப் பொருளிலும் வெப்ப அசைவால் மின்னோட்டம் தாறுமாறாக ஏறி இறங்கும். மின்தடை கூடக்கூட இந்த ஏற்ற இறக்கம் குறையும். கோட்டிங்கனில் இருந்த மேக்ஸ் பிளாங்க் உயிரியற்பியல் வேதியியல் நிறுவனத்தில் எர்வின் நேயரும் பெர்ட் சக்மனும் செல்லுக்குள் குத்துவதற்குப் பதிலாக, நுனியைச் சீராக்கிய கண்ணாடிப் பிப்பெட்டைச் செல்லின் மேற்பரப்பில் பதித்து, அதன் வாய்க்குள் அடங்கும் சிறு சவ்வுத் துண்டின் மின்னோட்டத்தை மட்டும் அளந்தார்கள். 1976இல், நரம்பறுத்த தவளைத் தசையில், அசெட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தி மூலக்கூறு பட்டால் திறக்கும் ஏற்பிக் கால்வாயின் மின்னோட்டம் சில பிகோ ஆம்பியர் உயரமுள்ள செவ்வகத் துடிப்புகளாகத் தெரிந்தது. எழும், நிற்கும், விழும். ஒரே ஒரு புரத மூலக்கூறு வேலை செய்வதை மனிதர் நேரடியாகப் பார்த்த மிகத் தொடக்கக் காட்சிகளில் அது ஒன்று.

பிப்பெட்டுக்கும் சவ்வுக்கும் இடையிலான ஒட்டு அப்போது 50 மெகாஓம் அளவிலேயே இருந்தது. ஒரு கிலோஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் அந்த மின்தடை ஒன்றே அரை பிகோ ஆம்பியருக்கு மேல் இரைச்சல் தரும். 1980 வாக்கில் கோட்டிங்கனில் தெரியவந்த செய்தி எளிமையானது: புதிதாக இழுத்த சுத்தமான பிப்பெட்டை வைத்து மெல்ல உறிஞ்சினால் ஒட்டின் மின்தடை திடீரென 10 கிகாஓமுக்கும் மேல் தாவுகிறது. இரைச்சல் 0.04 பிகோ ஆம்பியராகச் சுருங்கிவிடும். 1981இல் ஹாமில், மார்ட்டி, நேயர், சக்மன், சிக்வொர்த் ஆகிய ஐவர் எழுதிய கட்டுரை முறை முழுவதையும் விவரித்தது; பேட்ச் கிளாம்ப் உலகெங்கும் பரவியது. 1991இன் நோபல் பரிசு நேயருக்கும் சக்மனுக்கும் சென்றது.

ஆய்வகத்தில் இன்றும் வேலை ஏறக்குறைய அப்படியே நடக்கிறது. போரோசிலிகேட் கண்ணாடிக் குழலைச் சூடாக்கி இழுத்து ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள நுனி எடுக்கிறார்கள். உள்ளே உப்புக்கரைசல், அதில் சில்வர் குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பி. நுண்ணோக்கி நிற்பது அதிர்வு தாங்கும் மேசையில்; சுற்றிலும் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலைத் தடுக்கும் உலோகக் கூண்டு. நுனியில் அழுக்குப் படாதிருக்கக் குழலுக்குள் சற்றே அழுத்தம் கொடுத்தபடி செல்லை நெருங்கி, தொட்டதும் அழுத்தத்தை விட்டு மெல்ல உறிஞ்ச வேண்டும். ஒட்டு பிடித்தால் திரையில் மின்னோட்டக் கோடு தட்டையாகும். பெருக்கியின் முன்னணிப் பகுதியில் 50 கிகாஓம் மின்தடையம் இருந்தால் ஒரு பிகோ ஆம்பியர் 50 மில்லிவோல்டாக மாறிக் கிடைக்கும். ஒரு பிப்பெட் ஒரு முறைக்குத்தான்.

ஒட்டு பிடித்தபின் பல வழிகள் உண்டு. அப்படியே விட்டால் செல்லைக் குலைக்காமல் ஓரிரு கால்வாய்களைக் கவனிக்கலாம். இன்னும் பலமாக உறிஞ்சித் துண்டைக் கிழித்தால் பிப்பெட் செல்லின் உட்புறத்தோடு இணைந்துவிடும். செல் முழுவதின் மின்னோட்டமும் கிடைக்கும், ஆனால் சில நிமிடங்களில் செல்லின் உட்கரைசலைப் பிப்பெட்டின் கரைசல் மாற்றிவிடும். கிழிக்காமல் பிப்பெட்டைப் பின்னுக்கு இழுத்தால் துண்டு பிய்ந்து வந்து, சவ்வின் உட்புறம் வெளிக்கரைசலைப் பார்த்தபடி நிற்கும். செல்லுக்குள் நடப்பதையெல்லாம் கரைசலை மாற்றியே சோதிக்கலாம் என்பதால் இந்த அமைப்பு மிகுந்த பயன் தந்தது. ஏடிபி பட்டால் மூடும் பொட்டாசியக் கால்வாயை 1983இல் அகினோரி நோமா இதயச் செல்களில் கண்டுபிடித்தது இப்படித்தான்.

தனிக் கால்வாயின் பதிவு பல ஊகங்களைத் தீர்த்து வைத்தது. ஒரு பிகோ ஆம்பியர் என்பது நொடிக்கு 62 லட்சம் அயனிகள். சுமந்து செல்லும் பம்பு நொடிக்குச் சில நூறு அயனிகளைத்தான் கடத்தும். ஆகவே இது துளையேதான். அடுத்து, மின்னழுத்தத்தை உயர்த்தினால் கால்வாய் மெல்ல மெல்ல அகலமாவதில்லை. திறந்திருக்கும் வாய்ப்புதான் கூடுகிறது. ஒவ்வொரு திறப்பும் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது தற்செயல். சிக்வொர்த்தும் நேயரும் 1980இல் எலியின் தசைச் செல்களில் சோடியக் கால்வாயின் பதிவுகள் பலவற்றை எடுத்தார்கள்; எதுவும் இன்னொன்றைப்போல இல்லை. எல்லாவற்றையும் சராசரியாக்கியபோது 1952இன் வழவழப்பான சோடிய வளைகோடு அப்படியே எழுந்தது. நரம்பின் ஒழுங்கு, ஒழுங்கற்ற பல்லாயிரம் மூலக்கூறுகளின் கூட்டுத்தொகை.

அதன்பின் மரபணுக்கள் கைக்கு வந்தன. 1984இல் ஷோசாகு நுமாவின் குழு மின்விலாங்கின் சோடியக் கால்வாயை, 1,820 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலியாக, நான்கு ஒத்த பகுதிகளோடு வாசித்தது. ஈதர் மயக்கத்தில் கால் உதறும் பழ ஈயிலிருந்து ஷேக்கர் பொட்டாசியக் கால்வாய் 1987இல் கிடைத்தது. ஆப்பிரிக்க நகத்தவளையின் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள முட்டைச் செல்லுக்குள் ஆர்என்ஏவைச் செலுத்தினால் அது கால்வாயைத் தயாரித்துத் தன் சவ்வில் பொருத்திக்கொள்ளும். ஒவ்வோர் அமினோ அமிலமாக மாற்றி மின்னோட்டத்தைப் பார்த்து, எந்தப் பகுதி மின்னழுத்தத்தை உணர்கிறது, எது அயனியைத் தேர்கிறது என்று வரைபடம் போட்டார்கள்.

1998இல் ரோடரிக் மெக்கின்னன் ஒரு மண் பாக்டீரியாவின் பொட்டாசியக் கால்வாயை எக்ஸ்-கதிர்ப் படிகவியலால் காட்டியபோது அந்த வரைபடம் பெரும்பாலும் சரியாக இருந்தது. துளையின் குறுகிய பகுதி 1.2 நானோமீட்டர் நீளம். அங்கே உள்நோக்கி நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியத்தைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் நின்ற அதே இடைவெளியில் நிற்கின்றன. நீரை இழந்த பொட்டாசியத்துக்கு இழப்பே தெரியாது. சோடியம் சிறியது என்பதால் அந்த ஆக்சிஜன்களோடு அதற்கு நல்ல பொருத்தம் அமையவில்லை. நொடிக்குக் கோடி அயனிகளை விட்டும் சோடியத்தை ஆயிரக்கணக்கில் ஒன்று என்ற அளவில் மறிக்கும் திறமை இதில் அடங்கியிருக்கிறது. அயனிகள் வரிசையில் நின்றன. 1955இன் கணிப்பு உருவம் பெற்றது. 2003இல் மெக்கின்னனுக்கு நோபல் பரிசு.

உருவம் தெரிந்துவிட்டதால் மின் அளவீடு ஓய்ந்துவிடவில்லை. உறைந்த நிலையில் எடுத்த படம் கால்வாய் எத்தனை முறை திறக்கும் என்று சொல்லாது. எந்த மரபணு எந்த மின்னோட்டத்துக்குச் சொந்தம் என்பதையும் சொல்லாது. தொடுவிசையை உணரும் கால்வாயைத் தேடிய ஆர்டெம் பட்டபூட்டியன் குழுவில் பெர்ட்ராண்ட் கோஸ்ட், ஒரு செல்லைப் பேட்ச் கிளாம்ப் செய்தபடி இன்னொரு கண்ணாடி நுனியால் அதைக் குத்தினார், மின்னோட்டம் எழுந்தது. பிறகு, பொறுப்பாக இருக்கக்கூடிய 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கித் திரும்பத் திரும்பக் குத்திப் பார்த்தார். பட்டியலின் கடைசி மரபணுவை முடக்கியபோது மின்னோட்டம் நின்றது. 2010இல் வெளியான அந்தக் கால்வாய்க்கு பியெசோ1 என்று பெயர். மிளகாயின் கேப்சைசினும் 43 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் ஒரே கால்வாயைத் திறப்பதை 1997இல் கண்ட டேவிட் ஜூலியஸும் பட்டபூட்டியனும் 2021இன் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

மருத்துவத்தில் இந்த அளவீடுகள் நேரடியாகக் கை கொடுக்கின்றன. பல் பிடுங்கும்முன் போடும் லிக்னோகைன் ஊசி சோடியக் கால்வாய்களை அடைத்து வலிச்செய்தியை நிறுத்துகிறது. கணையத்தின் பீட்டா செல்லில் குளுக்கோஸ் கூடினால் ஏடிபி கூடும். அது பொட்டாசியக் கால்வாயை மூட, மின்னழுத்தம் உயர்ந்து கால்சியக் கால்வாய்கள் திறந்து இன்சுலின் வெளியேறும். குளுக்கோஸால் அந்தக் கால்வாய் மூடுவதை 1984இல் பிரான்சிஸ் ஆஷ்கிராஃப்ட் பேட்ச் கிளாம்பில் பதிவுசெய்தார். சர்க்கரை நோயாளிகள் பலர் விழுங்கும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாத்திரைகள் இதே கால்வாயை மூடியே வேலை செய்கின்றன. பிறந்த சில மாதங்களிலேயே சர்க்கரை நோய் கண்ட குழந்தைகள் சிலருக்கு இந்தக் கால்வாய் மூட மறுக்கும் மரபணுப் பிழை இருப்பது 2004இல் தெரிந்தபின், அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் இன்சுலின் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறினார்கள். ஒரு மூலக்கூறின் மின்னோட்டத்தை அளந்ததால் ஒரு குழந்தைக்கு ஊசி நின்றது என்பது இத்துறைக்குக் கிடைத்த பெரும் பேறு.

எதிர்த்திசையிலும் பாடம் உண்டு. இதயச் செல்லை ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் ஓய்வுக்குத் திருப்பும் பொட்டாசியக் கால்வாய்களில் ஒன்று ஹெர்க். அது அடைபட்டால் இசிஜியில் கியூடி இடைவெளி நீண்டு, உயிர்பறிக்கும் தாளப்பிறழ்வு வரலாம். ஒவ்வாமைக்குத் தந்த டெர்ஃபெனடின், வேறு சில மருந்துகளால் உடலில் சிதையாமல் தங்கியபோது இந்தக் கால்வாயை அடைத்தது. 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. சிசாப்ரைடும் பின்தொடர்ந்தது. அதன்பின் புதிய மருந்து மூலக்கூறுகளை ஹெர்க் மின்னோட்டத்தில் சோதிப்பது உலகளாவிய நெறியானது. ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைக் கையால் சோதிக்க முடியாது என்பதால், அடியில் நுண்துளையிட்ட தட்டில் செல்கள் தாமாகவே துளைமேல் அமர்ந்து ஒட்டுப்பிடிக்கும் தானியங்கிக் கருவிகள் வந்தன. அவை ஒரே நேரத்தில் 384 செல்களைக்கூடப் பதிவுசெய்யும். மூளையின் மெல்லிய சீவலில், ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் நியூரான்களில் குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் பிடிப்பது போன்ற வேலைகளுக்குக் கண்ணாடிப் பிப்பெட்டும் பழகிய கையும் இன்னும் தேவைப்படுகின்றன.